மச்சானின் காதுக்கு ஒரு வெப்சைட்

என் கடை மேசையில், கல்யாணப் பத்திரிகை மாதிரிகளுக்கு நடுவே, பெரிய மச்சானின் கைபேசி மல்லாந்து கிடந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து நான் செய்து முடித்த வெப்சைட்டை, பார்வை போன அவருக்காக அது வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது. "படம். படம். பட்டன். பட்டன். வேன் பைனல் புது பைனல் ரெண்டு. படம். பட்டன்." அதற்குப் பிறகு, வெற்றிலையை வாயில் குதப்பிக்கொண்டு இங்கிலீஷ் எழுத்துகளை ஒப்பிப்பவன் மாதிரி நீளமாக எதையோ உளறியது. நான் பாராட்டு கிடைக்கும் என்று நம்பி வடை வாங்கி வைத்திருந்தவன். மச்சான் ஒரு வடையை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்று முடித்துவிட்டுக் கேட்டார்: "மாப்புள, ஒங்க வெப்சைட்டுக்குக் காய்ச்சலா? என்னமோ பெனாத்துது."

"ஒங்க போனுல ஏதோ கோளாறு மச்சான்" என்றேன். என் தவறை அடுத்தவர் பொருளின் தலையில் தூக்கி வைப்பதில் எனக்கு இருக்கும் வேகம் வேறு எதிலும் இருந்ததில்லை. அவர் சிரித்தார். "என் போனு காலைல சங்கத்து மெசேஜ் எல்லாத்தையும் கணீர்னு படிச்சுச்சே. மாப்புள, பெரட்டுக் களத்துல காலைல கங்காணி நின்னு, பேரச் சொல்லாம 'ஆளு, ஆளு, ஆளு'ன்னு கூப்பிட்டா எவன் மலைக்குப் போவான்? ஒங்க பட்டன் ஒண்ணுக்கும் பேரே இல்ல. எத அமத்துனா எங்க போவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? கொழும்புக்கு சீட்டுப் போடப் போயி பதுளைக்குப் போயிருவேன் போல." தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்தில் நின்று வளர்ந்தவர் அவர். என் வெப்சைட்டின் நோயை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் கையில் எடுத்த வடையைத் திரும்ப வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்த வெப்சைட்டில் தொங்கிக்கொண்டிருந்தது என் பெயர் இல்லை, அவருடைய சோறு.

மச்சான் என்றால் என் மனைவியின் மூத்த அண்ணன். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இளவயதிலேயே அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, என் கல்யாணத்தின்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும் அளவில் நின்றுவிட்டது. மேடையில் என் கையைப் பிடித்துக் குலுக்கியவர், "தங்கச்சி, கொரலு பரவாயில்ல. மூஞ்சி எப்படி?" என்று நாலு பேர் கேட்கவே விசாரித்தார். என் மனைவி பதில் சொல்ல யோசித்தாள். "சரி விடு, கொரலே போதும்" என்று அவரே முடித்துவைத்தார். மாமன் மச்சான் உறவில் கிண்டலுக்குக் கணக்கு வழக்கு கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் அந்த உரிமையை அன்றிலிருந்து ஒரு நாள்கூட வீணாக்கியதில்லை.

அவருக்கு அப்போது வேலை வேன் சங்கத்தில். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ஓடும் வேன்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த சிறிய சங்கம் அது. தலைவர் ஹாஜியார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரும்புச் சாமானும் பெயின்டும் விற்பவர், இரண்டு வேனுக்குச் சொந்தக்காரர். அவருடைய கடை ஓரத்தில் ஒரு கதிரை போட்டு, அதில் மச்சான் உட்கார்ந்திருப்பார். சீட்டு வேண்டியவர்கள் போன் செய்வார்கள். யார், எந்த ஊர், எந்த நாள், எத்தனை பேர் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். விடியற்காலையில் வேனுக்குப் பக்கத்தில் நின்று, கோயில் திருவிழாவில் மைக் பிடித்துப் பழகிய அந்தக் குரலில் கூப்பிடுவார்: "பூண்டுலோயா டீச்சர், வாங்க, ஏறுங்க! தங்கச்சியோட வந்த அண்ணே, பின்னால ரெண்டு சீட்டு! றொசல்ல சந்தியில ஏறுற ஐயாவுக்கு முன் சீட்டு, டிரைவர் தம்பி, மறந்துராதீங்க!" பனியில் பாதித் தூக்கத்தில் நிற்கும் சனம், தன் பேர் விழுந்ததும் நிமிர்ந்து வந்து ஏறும். யாரும் முண்டியடித்து நான் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் காலம் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. கொழும்பில் ஒரு கம்பனிக்காரன் தயாராக ஒரு வெப்சைட் வைத்திருப்பதாகவும், வேன்களை அதில் சேர்த்தால் சீட்டெல்லாம் தானாகப் பதிவாகும் என்றும் சங்கத்தில் பேச்சு. மச்சான் அதைத் தன் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு, "கதவு இல்லாத வீடு மாப்புள, சொவரச் சுத்தி வந்துட்டேன்" என்றார். ஹாஜியார் மனம் பொறுக்காமல் என்னிடம் வந்து, "தம்பி, நீங்களும் கம்ப்யூட்டர்ல வேல செய்றவர்தானே. நம்மட ஊர் ஆளுக்கு நம்மட ஊர்லயே ஒரு சைட் செஞ்சு தர ஏலுமா?" என்றார். "தாராளமா!" என்றேன். என் வாய் அப்படித்தான். முதலில் ஒத்துக்கொள்ளும், விவரம் வயிற்றுக்கு அப்புறம் போய்ச் சேரும். நான் அச்சடிப்பவன். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. வெப்சைட் என்பது மடிக்காத கல்யாணப் பத்திரிகை என்ற அளவில்தான் எனக்கு அறிவு. மீதியை வீடியோ பார்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "ஏங்க, சீட்டு எல்லாம் அந்த சைட்டுல தானா பதிஞ்சா, எங்கண்ணனுக்கு அந்தக் கதிரையில என்னா வேல?" பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மறுநாள் ஓடினேன் ஹாஜியாரிடம். அவர் தாடியைத் தடவியபடி யோசித்தார். "ஒங்கட மச்சான அனுப்பிவிட எனக்கு மட்டும் விருப்பமா தம்பி? ஆனா சங்கத்துல பத்துப் பேர் பத்துக் கத கதைக்கிறாங்க. தீவாளி நெரிசலுக்கு முந்தி, அவர் தனியா ஒங்கட சைட்டுல சீட்டுப் போட்டுக் காட்டட்டும். கதிர அவருக்கே. ஏலாட்டி, கொழும்புக்காரன்ட சைட்ட எடுக்குற. அதுக்குப் பொறகு போனுக்கு ஆள் தேவப்படாது." நியாயமான பேச்சு. அதனால்தான் பயமாக இருந்தது.

இப்படி இருக்கும்போது நான் செய்து வைத்திருந்த அழகைச் சொல்ல வேண்டும். பக்கம் முழுக்கத் தங்கக் கரை. இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு. நடுவில் வேன், அதற்கு மேலே பூமழை. எல்லாத் தகவலையும் பத்திரிகை மாதிரியே ஒரே படமாக வரைந்து அப்படியே ஒட்டியிருந்தேன். கண்ணுக்கு அது எழுத்து, கைபேசிக்கு அது வெறும் படம்; "வேன் பைனல் புது பைனல் ரெண்டு" என்பது அதைச் சேமிக்கும்போது நான் வைத்த பேர். எழுத்தாகத் தட்டிய கொஞ்ச நஞ்சத்தையும், பத்திரிகை அடிக்கும் என் பழைய எழுத்துருவில் தட்டியிருந்தேன். அந்த எழுத்துருவில் இங்கிலீஷ் எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கைபேசியோ முகமூடியைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் படிக்கும். வெற்றிலைக் குதப்பலின் காரணம் அதுதான். நம் ஊரில் பத்திரிகை அடித்து வெப்சைட்டுக்கு வந்த எவரும் இந்தப் பள்ளத்தில் விழாமல் வந்திருக்க முடியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

வெப்சைட்டுக்குக் காய்ச்சலா என்று மச்சான் கேட்ட அன்று முழுக்க நான் செய்தவை: பிளேன்டீ குடித்தது, கடைக்கு வெளியே போய் நின்றது, உள்ளே வந்தது, மறுபடி பிளேன்டீ. பாமசியில் போய்த் தலைவலி மாத்திரை கேட்டேன். "யாருக்கு?" என்றார் பாமசிக்காரர். "வெப்சைட்டுக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கடைசியில் மச்சானிடமே போய், கொழும்புக்காரனே செய்யட்டும், உங்களுக்கு என் கடையில் ஒரு கதிரை போடுகிறேன் என்று தழுதழுத்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் கிண்டல் செய்யாமல் பேசிய அபூர்வமான சமயம் அது. "சும்மா ஒக்காரவா? மாப்புள, ஒங்க தயவுல சாப்புடலாம், எனக்கு வெக்கம் இல்ல. ஆனா காலைல அந்த வேனுக்குப் பக்கத்துல நின்னு நாலு பேரு பேரக் கூப்புடுறப்பதான் நான் ஆளு. அதச் செஞ்சு குடுங்க."

அதன் பிறகு எங்களுக்குப் பிடித்த வெறியை என்னவென்று சொல்வது! தினமும் மச்சான் பகல் சாப்பாட்டு வேளையில் கடைக்கு வருவார். நான் ஒன்றைத் திருத்துவேன், அவர் காதால் தடவிப் பார்ப்பார். அவருடைய கைபேசி படிக்கும் வேகம் எனக்குக் கடுகு தாளிக்கும் சத்தம் மாதிரி இருக்கும். அவரோ அதில் ஒரு சொல்லை விடமாட்டார். தகவல் வரைந்த படங்களைப் பிய்த்தெடுத்து எல்லாவற்றையும் நிஜ எழுத்தாக, கைபேசி படிக்கக்கூடிய யூனிகோட்டில் தட்டினேன். பட்டன் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தேன்: "நாளைத் தெரிவு செய்க", "சீட்டைத் தெரிவு செய்க", "உறுதி செய்க". முதல் முறை அந்தக் கைபேசி சுத்தமான தமிழில் "சீட்டைத் தெரிவு செய்க, பட்டன்" என்று சொன்னபோது நான் கதிரையிலிருந்து எழுந்து குதித்தே விட்டேன். பத்திரிகை மாதிரி பார்க்க வந்திருந்த கல்யாண வீட்டார், கடையில் ஏதோ சண்டை என்று பயந்துபோனார்கள்.

உற்சாகத்தில் கொஞ்சம் கூடிப்போனதும் உண்டு. படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும், அதைத்தான் கைபேசி படிக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். விடுவேனா? கல்யாணப் பத்திரிகை எழுதிய கை. வேன் படத்துக்கு, "பசுமலைகளின் மடியிலே, வெண்பனித் திரை விலக்கி, மணமகனைப் போல் கம்பீரமாக வீற்றிருக்கும் எங்கள் வாகனம்" என்று நீளமாக எழுதினேன். கைபேசி அதைப் படித்து முடிக்கும் வரை மச்சான் பொறுமையாகத் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நல்லாருக்கு. தாலி எப்ப கட்டுறாங்க?" என்றார். "எனக்கு சீட்டு வேணும் மாப்புள. வெள்ள வேன்னு சொன்னா போதும்."

அதோடு முடியவில்லை. சீட்டைத் தெரிந்தெடுக்கக் கொஞ்ச நேரம் கொடுத்து, தாண்டினால் எல்லாம் அழிந்துபோகும்படி வைத்திருந்தேன். கண்ணால் பார்ப்பவனுக்கு அது தாராளமான நேரம். காதால் ஒவ்வொன்றாகக் கேட்டுப் போகிறவருக்கு, உறுதி செய்யும் பட்டனைத் தொடும்போது பக்கம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். "வேன் ஸ்டார்ட் பண்ணிட்டு ஆள எறக்கி விடுறீங்களே" என்றார். எடுத்துவிட்டேன். அடுத்ததாக, சைட்டைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்த பூண்டுலோயா டீச்சர் போன் செய்து, பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது, சிக்னலுக்காக, வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் பாறை மேல் ஏறி நிற்கிறேன், மழையும் வருகிறது என்று மச்சானிடம் முறையிட்டிருக்கிறார். பக்கத்தின் பாரம் முழுக்க என் தங்கக் கரையும் குத்துவிளக்கும்தான். நல்ல கண் உள்ளவரையும் மழையில் நிறுத்திவிட்டேனே என்று அவற்றை அழித்தேன். அழிக்கும்போது எனக்கு உண்மையாகவே துக்கம். மச்சான் என் தோளைத் தட்டி, "அழுவாதீங்க, பாக்காதவன் சொல்றேன், இப்பத்தான் அழகா இருக்கு" என்றார்.

தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஜியார் கடை மாடியில் சங்கம் கூடியது. பெரிய டீவியில் என் மடிக்கணினியை இணைத்திருந்தோம். மச்சான் இஸ்திரி போட்ட சட்டையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். என் மனைவி பின்வரிசையில் உட்கார்ந்து, என்னைச் சாமி பார்க்கிற மாதிரியும் கொலைகாரனைப் பார்க்கிற மாதிரியும் மாறி மாறிப் பார்த்தாள். நான் மவுஸின் வயரை மூன்றாம் தடவை கழற்றிச் செருகினேன். சொல்லி வைத்த மாதிரி பூண்டுலோயா டீச்சரின் அழைப்பு வந்தது. மச்சான் அவரிடம் நாளைக் கேட்டார், கைபேசியைத் தடவினார், அதன் கடுகுப் பேச்சைக் கேட்டார், தடவினார், தட்டினார். டீவியில் டீச்சரின் பேர் பளிச்சென்று விழுந்தது. வேன்காரர்கள் கை தட்டினார்கள். டிரைவர் ஒருவர் விசிலே அடித்தார். நான் மூச்சு விட்டேன். முழுதாக விடுவதற்குள் ஹாஜியார் எழுந்து, "நானும் ஒருக்கா அமத்திப் பாக்குறன்" என்றார்.

சீட்டுகள் ஒரு வேனின் உள்பக்கம் மாதிரி வரிசையாக இருந்தன. காலியானது பச்சை, ஆள் உள்ளது சிவப்பு. ஹாஜியார் மவுஸை வாங்கி ஒன்றைத் தொட்டார். ஏற்கெனவே ஆள் உள்ள சீட்டு என்றது. இன்னொன்றைத் தொட்டார். அதே பதில். மூன்றாவதிலும் அதே. அவர் முகம் இறுகியது. "தம்பி, இது பிழ. காலி சீட்ட அமத்தினா ஆள் ஈக்கிதுங்குது. தீவாளி நேரம் ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர் வந்து நின்டா அந்தச் சண்டய யார் தீக்கிற? இது சரிவராது. கொழும்புக்காரனுக்கே சொல்லுவோம்." அவர் தொட்ட மூன்றும் சிவப்புச் சீட்டுகள், அது எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் தலைவரிடம் யார் சொல்வது? நான் மடிக்கணினியை மூடுவதா, மாடியிலிருந்து குதிப்பதா, குதித்தால் கீழே பெயின்ட் டப்பாக்கள் மேல் விழுவேனா என்ற அளவுக்குப் போய்விட்டேன்.

"ஹாஜியார்" என்றார் மச்சான், குரலை இறக்கி. "டிரைவருக்குப் பின்னால உள்ள சீட்டு என்னா கலரு?"

"பச்சதானே" என்றார் ஹாஜியார், சற்று முன் டீச்சருக்குப் பதிந்து சிவப்பாகியிருந்த அந்தச் சீட்டைப் பார்த்து. கொஞ்சம் தயங்கி, "பச்ச... இல்லியா?"

மச்சான் யாரையும் சிரிக்க விடவில்லை. என் பக்கம் திரும்பி, "மாப்புள, எனக்குக் கேக்குறதுக்குன்னு ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு வார்த்த எழுதி வச்சிருக்கீங்கள்ல, அத அவருக்கும் காட்டுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு மின்னலடித்தது. கைபேசி படிப்பதற்காகச் சீட்டுக்குச் சீட்டு "காலி", "ஆள் இருக்கு" என்று எழுதியிருந்தேன். கண்ணுக்குத் தெரிந்தால் அழகு கெடும் என்று அதை மறைத்தும் வைத்திருந்தேன். மறைக்கச் சொல்லும் ஒரு வரியை அழித்தேன். டீவியில் எல்லாச் சீட்டிலும் எழுத்து எழுந்து நின்றது. ஹாஜியார் டீவிக்குக் கிட்டப் போய் ஒவ்வொன்றாக வாசித்தார். மவுஸுக்குத் திரும்பி வந்து காலி என்றதைத் தொட்டார். தன் பேரிலேயே ஒரு சீட்டுப் போட்டுக்கொண்டார். திரும்பி எங்களைப் பார்த்தபோது, பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம்.

"எனக்கு இந்தச் செவப்பும் பச்சையும் ஒண்டு மாதிரித்தான் தெரியும் தம்பி. கடையில பெயின்டு விக்கிறது, டப்பாவுல எழுதி ஈக்கிறத வாசிச்சுத்தான்" என்றார். விசிலடித்த டிரைவருக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அதான் ஹாஜியார், செவப்பு வேன எடுத்துட்டு வான்னு சொல்லி, நான் கொண்டாந்ததும் பச்ச வேன்லதான் ஏறுவீங்க. நான் ஒங்களுக்கு மறதின்னு நெனச்சேன்!" மாடி அதிர்ந்தது. முதலில் சிரித்ததும் கடைசியில் நிறுத்தியதும் ஹாஜியார்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சானின் கையைப் பிடித்தார். "அந்தக் கதிர ஒங்களுக்குத்தான். இந்த சைட்டும் இருக்கட்டும். ஒங்களுக்கு வெளங்குறாப்புல செஞ்சாத்தான் எனக்கும் வெளங்குது." என் மனைவி பின்வரிசையிலிருந்து எனக்கு ஒரு பார்வை அனுப்பினாள். கொலைகாரன் விடுதலையாகிவிட்டான்.

இத்தனை ஆர்ப்பாட்டம் செய்து நான் காப்பாற்றிக் கொடுத்த அந்த வேலையை மச்சான் இரண்டு வருஷம் கழித்து உதறிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வேனில் போய்வரும் ஒரு பெண் கொழும்பில் வெப்சைட் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவர். மச்சான் கைபேசியில் சீட்டுப் போடுவதைப் பார்த்து அவர் அசந்துபோய்ச் சொல்ல, அங்கிருந்து மச்சானைக் கூப்பிட்டனுப்பிவிட்டார்கள். இன்று மச்சான் கொழும்பில் இருக்கிறார். மற்றவர்கள் செய்யும் வெப்சைட்டுகளைக் காதால் கேட்டுக் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார். என்னை ஓசியில் வதைத்தவருக்கு இப்போது அதுவே உத்தியோகம். ஸ்டாண்டில் வேறொருவர் நின்று பேர் கூப்பிடுகிறார். நான் என்ன செய்தாலும், கல்யாண வீட்டாருக்கு ஒரு பக்கம் போட்டாலும், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கைபேசியைப் படிக்க விட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன். நடுவில் யாராவது கடைக்குள் வந்தால், ஐயா தூங்குகிறார் என்று திரும்பிப் போய்விடுகிறார்கள்.

அவர் கொழும்புக்குக் கிளம்புவதற்கு முந்திய நாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். புதுப் பதிவு ஒன்று வந்து விழுந்தது. மச்சானின் பேர். என்னிடம் சொல்லியிருந்தால் நானே போட்டுத் தந்திருப்பேன், தானே போட்டிருக்கிறார். எந்தச் சீட்டு என்று பார்த்தேன். ஜன்னலோரம். விடுவேனா? உடனே போன் போட்டேன்.

"என்னா மச்சான், ஜன்னல் சீட்டு? கடவல நீர்வீழ்ச்சி பாக்கப் போறீங்களா?"

அந்தப் பக்கம் வழக்கமான சிரிப்பு வந்தது. பிறகு சொன்னார்:

"இந்த ரோட்டுல எத்தனையோ தடவ போயிருக்கேன் மாப்புள. யாராச்சும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஏத்திவிட்ட எடத்துல ஒக்காந்துக்கிட்டுப் போவேன். ஒங்க சைட்டு, ஜன்னலா நடுவுலயான்னு எங்கிட்ட கேட்டுச்சு. மொதல் தடவையா கேட்டாங்க. அதான் சொன்னேன்."